சீ ஹாக் கிளம்பும் முன் ஒரு கையெழுத்து

பைலட் கதை கேட்கலாம்னு ஹெட்போனை மாட்டியிருந்தீங்கன்னா முதல்லயே சொல்லிடறேன். நான் விமானம் ஓட்டினவன் இல்ல. ஓட்டுறவங்களுக்குத் தயார் பண்ணிக் கொடுத்தவன். சொந்த ஊர் ஆரணி. அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லாரும் பட்டுத்தறியில் உட்கார்ந்தவங்க. நான் மட்டும் கடற்படைக்குப் போனேன். கொச்சியில் பயிற்சி முடிச்சு, 1971 போரின்போது ஐஎன்எஸ் விக்ராந்தில் சீ ஹாக் விமானங்களுக்கு மெக்கானிக்.

கப்பலைப் பத்திக் கொஞ்சம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டன் கட்ட ஆரம்பிச்சு, பாதியில் விட்ட கப்பல் அது. இந்தியா அதை வாங்கி, கட்டி முடிக்க வெச்சு, 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்ட்டில் படையில் சேர்த்தது. அதே வருஷம் மே 18-இல் அதன் மேல முதல் ஜெட்டை இறக்கினவர் லெப்டினன்ட் தஹிலியானி. பின்னால் அவரே கடற்படைத் தலைமைத் தளபதி ஆனார்.

விமானம் ரெண்டு வகை. சீ ஹாக் பிரிட்டிஷ் ஜெட். ஒரு எஞ்சின், ஒரே ஆள். அலிஸே பிரெஞ்சு விமானம். மூக்குல ப்ரொப்பல்லர், உள்ளே மூணு பேர், நீர்மூழ்கியைத் தேடுறது அதன் வேலை. ஐஎன்எஸ் ஹன்சாங்கிற விமானத் தளம் 1961-இல் ஆரம்பிச்சது நம்ம கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூர்லதான். 1964-இல் கோவாவுக்கு மாறிடுச்சு.

கப்பலோட மொத்த நீளமே சுமார் 213 மீட்டர். அதுல ஜெட் எப்படி இறங்கும்? வால் பக்கம் ஒரு கொக்கி தொங்கும். டெக்கின் குறுக்கே இரும்பு வடங்கள் கட்டியிருக்கும். கொக்கி ஏதாவது ஒரு வடத்தைப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா, டெக் முடியறதுக்குள்ள பைலட் மறுபடி மேலே ஏறியாகணும். கிளம்பும்போது நீராவியால் இயங்கும் கேட்டபுல்ட், கவண்கல் மாதிரி விமானத்தை வீசும். அதுக்கு எதிர்க்காத்தும் வேணும். காத்து இல்லைன்னா கப்பல் வேகமா ஓடி அதை உண்டாக்கணும்.

1971-இல் சிக்கலே அங்கதான். கப்பலில் இருந்த 4 கொதிகலன்களில் ஒண்ணுல விரிசல். மீதி மூணை வெச்சு மெதுவாத்தான் போக முடியும். வங்கக் கடலில் டிசம்பர்ல காத்தும் குறைவு. அலிஸேயைக் கிளப்புறது பெரிய கணக்கு ஆயிடுச்சு. அப்படியும் டிசம்பர் 4 காலையில் சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாருக்குப் போச்சு. அப்புறம் சிட்டகாங்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கு. இல்லாததைச் சொல்றேன்.

எங்களுக்கு முதல் எதிரி உப்பு. கடல் காத்து படிஞ்ச உப்பைத் துடைச்சு, கழுவி, எண்ணெய் போட்டுக்கிட்டே இருக்கணும். ஒருநாள் விட்டா இணைப்புகளில் துரு எட்டிப் பார்க்கும். இறக்கையை மடிச்சு, லிஃப்டில் கீழே ஹேங்கருக்கு இறக்குவோம். கப்பல் ஆடும், விமானம் நகராம சங்கிலி போட்டுக் கட்டுவோம். அந்தப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க வேலை. வேலை முடிஞ்சதும் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாத்தையும் எண்ணுவோம். ஒண்ணு குறைஞ்சா அந்த விமானம் கிளம்பாது. எல்லாரும் டார்ச்சோட தேடுவோம். எஞ்சின் பக்கம் கிடக்கிற ஒரு சின்ன திருகாணி ஒரு ஆளைக் கொன்னுடும்.

கடைசியா, விமானத்துக்குன்னு இருக்கிற பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். யார் எதைப் பார்த்தாங்களோ, அதுக்கு அவங்க கையெழுத்து. அப்புறம் பைலட் வாங்கிப் பார்த்து, அவரும் போடுவார். எங்க வேலையில் எனக்குப் பயம்னா அதுதான். எங்க ஊர்ல சேலையில் ஒரு இழை தப்பினா கூலியில் பிடிப்பாங்க. இங்க தப்பினா ஒரு மனுஷன்.

அதனால விமானங்கள் கிளம்பின பிறகு நாங்க பேசிக்க மாட்டோம். போனது எத்தனை, திரும்பி வர்றது எத்தனைன்னு வானத்தைப் பார்த்து எண்ணிக்கிட்டு இருப்போம். அந்தப் போரில் விக்ராந்திலிருந்து போன சீ ஹாக் எல்லாம் திரும்பி வந்துச்சு. சிலதில் குண்டு பட்ட ஓட்டை இருந்துச்சு. அடைச்சு மறுபடி அனுப்பினோம்.

ஆனா டிசம்பர் 10 அன்று மேற்குக் கடலில் பறந்த ஒரு அலிஸேயை பாகிஸ்தானின் எஃப்-104 சுட்டு வீழ்த்திடுச்சு. உள்ளே இருந்த மூணு பேரும் வரலை. அது எதிரி சுட்டது. மெக்கானிக் தப்பு இல்ல. ஆனாலும் சேதி கேட்டப்போ எனக்கு முதல்ல தோணினது, அன்னிக்குக் காலையில் அதுக்குக் கையெழுத்துப் போட்டவன் இப்ப எங்க உட்கார்ந்திருப்பான்னுதான். அவன் யாருன்னு எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் அவன் பேர் வராது.

1983-இல் சீ ஹாரியர் வந்துச்சு, சீ ஹாக் போச்சு. விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்று, பின்னால் உடைக்கப்பட்டது. அதன் இரும்பை உருக்கிச் சேர்த்து பஜாஜ் ஒரு பைக்கே விட்டாங்க. உங்கள்ல சிலர் ஓட்டியிருப்பீங்க. சீ ஹாக்கும் அலிஸேயும் கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிக்குது. 2022-இல் புது விக்ராந்த் வந்துடுச்சு. இரும்பைக் காப்பாத்தி வைக்கலாம். அந்த இரும்பைத் தொட்ட ஆளுங்களுக்கு இப்ப எழுபத்தஞ்சு, எண்பது வயசு.

உங்க தெருவுல, சொந்தத்துல அப்படி ஒரு தாத்தா இருந்தா, மெடலைப் பத்திக் கேட்காதீங்க. "தினமும் காலையில் என்ன வேலை தாத்தா பண்ணீங்க?"ன்னு கேளுங்க. போனில் ரெக்கார்டை அழுத்திட்டுக் கேளுங்க. அவர் பேசுவார். இத்தனை வருஷமா யாரும் அதைக் கேட்கலை, அவ்வளவுதான்.