பொருளுக்கு உருவம் தரும் கல்வி



நம் வீடுகளிலே அரிவாள்மணை என்றொரு கருவி உண்டு. ஒரு மரப்பலகை, அதில் நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்பு அலகு, பல வீடுகளில் அலகின் நுனியிலே தேங்காய் துருவுவதற்கான பற்கள். அதன் உருவம் இவ்வளவுதான். ஆயினும் அதைக் கூர்ந்து நோக்கினால், எத்தனையோ கேள்விகளுக்கு அதில் விடை பொதிந்திருப்பது புலனாகும். தரையில் அமர்ந்து காய் நறுக்குபவர் பலகையைக் காலால் அழுத்திக்கொள்கிறார். ஆதலால் இரண்டு கைகளும் காய்க்கே உரியவை ஆகின்றன. கத்தி நிற்கிறது, காய் நகர்கிறது. வேலை முடிந்ததும் அலகை மடக்கிப் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிடலாம். வங்காளத்திலும் மகாராஷ்டிரத்திலும்கூட வேறு பெயர்களோடு இதே கருவி வழங்கி வருகிறது.

இதற்கு இவ்வுருவத்தைத் தந்தவர் யார்? அவருக்குப் பெயர் இல்லை. தச்சரும் கொல்லரும், அன்றாடம் அதைக் கையாண்ட பெண்களும், தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாகத் திருத்தியே அது இந்த நிலையை அடைந்தது.

ஆனால் இன்று அடுப்பு தரையை விட்டு மேடைக்கு ஏறிவிட்டது. நகரத்து அடுக்குமாடி வீட்டிலே நின்றுகொண்டே சமைக்கிறோம். அந்த மேடையின் உயரம் யாருடைய உயரத்துக்கு ஏற்றது? நாள் முழுதும் அங்கே நிற்பவரின் முதுகு வலிக்குமா, வலிக்காதா? இதற்கு விடை காணப் பத்துத் தலைமுறை காத்திருக்க இயலாது. மேலும், பழைய காலத்தில் ஒரு தச்சர் பிழை செய்தால் அது ஒரு வீட்டோடு நின்றது. இன்று ஆலையில் ஓர் அச்சிலே நேரும் பிழை, இலட்சம் வீடுகளுக்குள் ஒரே சமயத்தில் நுழைந்துவிடுகிறது. எனவேதான், தலைமுறைகள் மெல்லச் செய்த பணியைச் சில மாதங்களில் பொறுப்போடு செய்து முடிக்கக் கற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். அவர்கள் கற்கும் கல்விக்கே பொருள் வடிவமைப்பு என்று பெயர். இன்று நாம் பேசப் புகுவது அதைப் பற்றியே.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்கு, எந்தத் துறையைப் பற்றி எண்ணினாலும் முதலில் அதன் சொல்லே கண்ணில் படும். டிசைன் என்ற ஆங்கிலச் சொல் நம் பேச்சு வழக்கில் பெரும்பாலும் புடவைக் கரையோடும் கோலத்தோடும் நின்றுவிடுகிறது. ஆகையால், டிசைன் படிக்கிறேன் என்று ஒரு மாணவன் சொன்னால், ஏற்கெனவே செய்து முடித்த பொருளின்மேல் அழகு பூசும் வேலையைத்தான் படிக்கிறான் என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். வடிவமைப்பு என்ற தமிழ்ச் சொல்லோ இதைவிட நேர்மையானது. அமைதல் என்பதற்குப் பொருந்துதல் என்றும் பொருள் உண்டு. வடிவத்தை யாருக்குப் பொருந்தச் செய்வது என்ற கேள்வி அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் இக்கல்வி தோன்றிய வரலாறும் இக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. நாற்காலிகளின் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர், இந்திய அரசின் அழைப்பின்பேரில் நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். இந்தியாவில் தாம் கண்ட பொருள்களிலே அவர்கள் மிக வியந்து எழுதியது, அரண்மனையையோ ஆபரணத்தையோ பற்றியன்று. நாம் நீர் மொள்ளும் செம்பைப் பற்றி. கைக்கு அது எப்படி அடங்குகிறது, நிறைந்தபோதும் காலியானபோதும் எப்படி நிலைகொள்கிறது, ஊற்றுவதற்கும் துலக்குவதற்கும் எப்படி இசைகிறது என்று அவர்கள் கேள்விகளை அடுக்கினார்கள். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. கௌதம் சாராபாய், கீரா சாராபாய் என்னும் உடன்பிறந்தோர் அதை வளர்த்தெடுத்தனர். 1969-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம் நிறுவப்பட்டது. ஜெர்மனியில் உல்ம் நகரத்து வடிவமைப்புப் பள்ளியில் பயின்று திரும்பிய சுதாகர் நாட்கர்ணி அதற்கு அடிகோலினார். இன்று நாட்டின் பல பாகங்களிலும் அரசு நிறுவனங்களிலும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பு உள்ளது.

சரி, அங்கே என்னதான் கற்பிக்கிறார்கள்? இளநிலைப் படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள். முதலாண்டு அடிப்படைப் பயிற்சி. கண்ணால் கண்டதைக் காகிதத்தில் வரைதல், நிறம், கணித வடிவங்கள், களிமண், மரம், உலோகம், பிளாஸ்டிக் ஆகியவற்றின் இயல்புகள் — இவற்றையெல்லாம் பட்டறையில் கைப்பட அறிய வேண்டும். மரத்தை இழைத்துப் பார்க்காதவன் மரத்துக்கு வடிவம் சொல்ல முடியாதல்லவா? அடுத்துவரும் ஆண்டுகளில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்துவோரை நேரில் கண்டு, குறிப்பெடுத்து, பல உருவங்களை வரைந்து, அட்டையாலும் மரத்தாலும் மாதிரிகள் செய்து, அவற்றை மக்களிடம் கொடுத்துச் சோதித்து, பிழை கண்டு, மீண்டும் தொடங்குவார்கள். கைவினைஞர்கள் வாழும் ஊர்களுக்குச் சென்று தங்கி, அவர்களுடைய தொழில் முறைகளை ஆவணப்படுத்தும் வழக்கமும் உண்டு. இறுதியில், ஒரு தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ அமர்ந்து ஓர் உண்மையான பொருளை உருவாக்கி, ஆசிரியர் குழுவின்முன் வைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

இப்பாடங்களில் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்வோம். மனித உடலுக்கும் கருவிக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்வது எர்கனாமிக்ஸ் என்னும் துறை. ஆயிரம் பேருடைய உயரத்தை அளந்து சராசரி கண்டு, அந்தச் சராசரிக்குப் பொருள் செய்தால் எல்லோருக்கும் பொருந்தும் என்றுதான் நாம் எண்ணுவோம். மாணவன் முதலில் கைவிட வேண்டியது இந்த எண்ணத்தையே. வாசற்படியின் உயரத்தை நெட்டையானவருக்காக வகுக்க வேண்டும். குட்டையானவர் அதில் தாராளமாக நுழைவார். பரணின் உயரத்தையோ குட்டையானவருக்காக வகுக்க வேண்டும். நெட்டையானவருக்கும் அது எட்டும். சராசரிக்குச் செய்தால் முன்னதில் பாதிப்பேர் தலையில் இடித்துக்கொள்வர். பின்னதில் பாதிப்பேருக்குக் கை எட்டாது. அளவுகளும் நம் மக்களுடைய அளவுகளாய் இருத்தல் வேண்டும். மேல்நாட்டார் உடலை அளந்து எழுதிய அட்டவணை நம் நாட்டுக் கூலித் தொழிலாளிக்குப் பொருந்தாது. இதன்பொருட்டு இந்தியருடைய உடலளவுகளைத் திரட்டித் தேப்குமார் சக்கரவர்த்தி எழுதிய நூலை, 1997-இல் அகமதாபாத் நிறுவனமே வெளியிட்டது.

பொருத்தம் பார்க்காமல் செய்த பொருளால் நேரும் துன்பத்துக்கு நம் கிராமத்து அடிபம்பே சாட்சி. 1960-களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும், வறட்சியின் காரணமாகப் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, வார்ப்பிரும்புப் பம்புகளைப் பொருத்தினார்கள். அந்தப் பம்புகள் மேல்நாட்டில் ஒரு குடும்பத்தின் தேவைக்காக உருவானவற்றின் நகல்கள். இங்கோ காலை முதல் இரவு வரை ஒரு கிராமமே அதை அடித்தது. கைப்பிடியின் அச்சு தேய்ந்தது, வார்ப்பு விரிசல் விட்டது. பம்புகள் ஒவ்வொன்றாய் நின்றன. பெண்கள் மீண்டும் பழைய குட்டைக்கே குடத்தைச் சுமந்தார்கள்.

பிறகு, மகாராஷ்டிரத்துச் ஷோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாகக் கொண்டு, இந்திய அரசும் யூனிசெப் அமைப்பும், சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு கிரட்டாஸ் நிறுவனமும் சேர்ந்து 1970-களில் ஒரு புதிய பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர்ப் பகுதியில் அதைச் சோதித்துப் பார்த்தனர். எஃகுத் தகடுகளைப் பற்றவைத்த உடல், கைப்பிடியையும் கம்பியையும் இணைக்கும் சங்கிலி, எளிதில் தேயாத பேரிங்குகள் — இவையே அதன் சிறப்பு. இந்தியா மார்க் இரண்டு என்று பெயர் பெற்ற அது, நாடெங்கும் பரவியதோடு கடல் கடந்தும் சென்றது. அதன்பின்னும் ஒரு குறை தென்பட்டது. உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்தால், குழாய்கள் அனைத்தையும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. அதற்குத் தனிக் குழுவும் கனமான கருவிகளும் வேண்டும். குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கி, உள்ளுறுப்பை மட்டும் மேலே எடுக்கும்படி அமைத்ததே மார்க் மூன்று. தண்ணீர் அடிப்பவர் மாத்திரமன்று, பழுது பார்ப்பவரும் அப்பொருளைப் பயன்படுத்துவோரே என்ற உண்மை இங்கே விளங்குகிறது. அந்தப் பம்பை அழகானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதைவிடச் சிறந்த வடிவமைப்புப் பாடம் அரிது.

1968-இல் உருவான ஜெய்ப்பூர்க் காலும் இத்தகையதே. டாக்டர் பி. கே. சேத்தியும், ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து படைத்தது அது. மேல்நாட்டுச் செயற்கைக் கால் பூட்ஸுக்குள் புகுவதற்காகச் செய்யப்பட்டது. நம்மவரோ செருப்பின்றிச் சேற்று வயலில் நடப்பவர், சம்மணமிட்டு அமர்பவர், குந்தி உட்காருபவர். இவற்றுக்கெல்லாம் வளைந்து கொடுக்கும் ரப்பர்ப் பாதத்தை அவர்கள் உண்டாக்கினார்கள். டாக்டரின் படிப்பும் கைவினைஞரின் கைத்திறனும் தனித்தனியே நின்றிருந்தால் அந்தக் கால் பிறந்திராது. அவ்விரண்டையும் ஒரே மாணவனிடம் சேர்க்க முயல்வதே பொருள் வடிவமைப்புக் கல்வியின் நோக்கம்.

இனி, பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம். இதற்குக் கணிதமும் விஞ்ஞானமும் படித்திருக்க வேண்டுமா? அகமதாபாத் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும், ஐ.ஐ.டி.க்களின் வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வையும், பன்னிரண்டாம் வகுப்பில் கலை, வணிகம், விஞ்ஞானம் ஆகிய எப்பிரிவினரும் எழுதலாம். கலைப் பட்டம் பெற்ற நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. வரலாறு படித்த பிள்ளைக்கு மக்களைக் கவனிக்கும் கண் இருக்குமானால், அதுவும் ஒரு தகுதியே. நன்றாகப் படம் வரையத் தெரிந்தால்தான் சேரலாமா? எண்ணியதைப் பிறர் விளங்கிக்கொள்ளும்படி வரைந்தால் போதும். அதுவும் பழக்கத்தால் வருவது. பொறியியலும் இதுவும் ஒன்றா? இயந்திரம் ஓடுமா என்று பொறியாளர் முதலில் கேட்கிறார். அதை ஓட்டுபவர் யார் என்று வடிவமைப்பாளர் முதலில் கேட்கிறார். நல்ல பொருளுக்கு இருவரும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். படிப்புக்கு மதிப்புப் பெருகும்போது பெயர்ப்பலகைகளும் பெருகும். செலவும் சிறிதன்று. ஆகையால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன், அதன் விளம்பரத்தைப் பாராமல் பட்டறையைப் பாருங்கள். கடைசல் இயந்திரத்தின் கீழே மரத்தூள் கிடக்கிறதா, அல்லது தூசு படிந்திருக்கிறதா? மாணவர்கள் வெளியே சென்று மக்களைக் காண்கிறார்களா, அல்லது கம்ப்யூட்டர்த் திரையில் பளபளக்கும் படங்களோடு நின்றுவிடுகிறார்களா? கடைசி ஆண்டு மாணவர் ஒருவரை அழைத்து, நீ செய்த பொருளை யாரிடம் கொடுத்துச் சோதித்தாய் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்தே கல்லூரியின் தரம் தெரிந்துவிடும்.

நேயர்களே, வசதி குறைந்த வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இத்துறை எட்டாத ஒன்று என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நாம் அவ்வாறு கருதவில்லை. கைப்பிடி சுடுகின்ற பாத்திரம், கால் தட்டுகின்ற பெஞ்சு, பாட்டியால் ஏற முடியாத பஸ் படி இவற்றோடு பழகிய பிள்ளைக்கு, பொருத்தமற்ற பொருள் என்றால் என்னவென்று எந்த ஆசிரியரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அப்பிள்ளை கேட்குமானால், வாயை மூடு என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வியைத்தான் பல்கலைக்கழகம் நான்கு ஆண்டுகள் கற்றுத்தர முயல்கிறது.