எலி கற்றதும் காட்டியதும்



விடைத்தாளில் ஒன்றும் எழுதாத மாணவன் ஒன்றும் அறியாதவனா? நெடுங்காலமாக விடைத்தாள் திருத்திவரும் எனக்கு இவ்வினாவை எழுப்பியவர்கள் கல்விமான்கள் அல்லர், ஆய்வுகூட எலிகளே!

1930 ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் எட்வேட் ரொல்மன் என்பாரும் ஹொன்சிக் என்பாரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். 14 இடங்களில் இரண்டாகப் பிரியும் புதிர்ப்பாதை ஒன்றை அமைத்தனர். ஒவ்வோரிடத்திலும் ஒரு வழி முன்னே செல்லும். மற்றையது அடைபட்டு நிற்கும். பசித்த எலியை நாளுக்கொரு முறை அதனுள் விட்டு, எத்தனை தடவை வழி பிழைக்கின்றது என்று எண்ணினர். ஒரு கூட்டத்துக்கு முடிவிடத்தில் நாள்தோறும் இரை கிடைத்தது. பிழைகள் ஒழுங்காகக் குறைந்துவந்தன. இரண்டாங் கூட்டத்துக்கு அங்கே ஒருநாளும் இரையில்லை. பின்னர் கூட்டிலேதான் உணவு. அதன் பிழைகள் சிறிதளவே குறைந்தன. மூன்றாங் கூட்டந்தான் நம் கவனத்துக்குரியது. 10 நாள் வரை அதற்கும் இரையில்லை. அந்நிலையில் அதற்குத் தேர்ச்சி அறிக்கை எழுதச் சொல்லியிருந்தால், நான் ‘மந்தம்’ என்றே எழுதியிருப்பேன். 11 ஆம் நாள் முதன்முறையாக இரை வைத்தனர். மறுநாளே, நாள்தோறும் உண்டு பழகிய எலிகளுக்கு நிகராக அவை வழி பிழையாது ஓடின! ஒரே இரவிற் கற்றுவிட்டனவா? இல்லை. வீணே திரிவனபோற் காணப்பட்ட அந்நாட்களிலெல்லாம் அவை கற்றே வந்தன. கற்றதைக் காட்டுதற்குக் காரணந்தான் இருக்கவில்லை. எலியின் உள்ளத்தில் இடத்தின் படம் ஒன்று அமைகின்றது என்று ரொல்மன் 1948 இல் எழுதினார்.

‘மந்தம்’ என்ற சொல்லை நான் மெய்யாகவே ஒரு மாணவனுக்கு எழுதியதுண்டு. கடைசி வாங்கில் ஆண்டு முழுவதும் வாய் திறவாதிருந்தவன். பின்னர் பொலன்னறுவைக்குச் சுற்றுலா சென்றபோது, இடிபாடுகளுக்கிடையே நான் திசை தடுமாறி நிற்க, வகுப்பிற் கரும்பலகையில் நான் வரைந்த படத்தை நினைவிற்கொண்டு எங்களைப் பஸ் வண்டியிடம் சேர்த்தவன் அவனே. அறிக்கையோ அதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

எலி மோப்பத்தாற் போயிருக்கலாமே, திரும்பித் திரும்பிப் பழகிய கால்வழக்கத்தாற் போயிருக்கலாமே என்று ஐயுறுவோர் உளர். நியாயமான ஐயந்தான். ஸ்கொத்லாந்திலுள்ள சென்ற் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்து றிச்சாட் மொறிஸ் 1981 இல் வெளியிட்ட முறை இதற்கு விடை தந்தது. வட்டமான தொட்டியில் நீர் நிரப்பிப் பால் கலந்து கலக்கமாக்குவர். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு மேடை ஒன்று மறைந்திருக்கும். நீரில் மோப்பத் தடம் நிலையாது. எலியை வெவ்வேறு பக்கங்களிலிருந்து விடுவதால் கால்வழக்கமும் உதவாது. அறையிலுள்ள பொருள்களை அடையாளமாகக் கொண்டே அது மேடையைத் தேடவேண்டும். சில நாளில் நேரே நீந்திச் சென்று ஏறிவிடுகின்றது. மூளையின் ஹிப்போகம்பஸ் என்னும் பகுதி சிதைக்கப்பட்ட எலிகளோ மறைந்த மேடையைக் காணாது அலைந்தன. மேடை கண்ணுக்குத் தெரிந்தபோது அதனைச் சென்றடைந்தன. நீந்தும் வலிமை போகவில்லை. இடத்தின் நினைவே போயிற்று. இதனை 1982 இல் அறிவித்தனர்.

இம்முறையின் கடைசிச் சோதனையே எனக்கு மிகப் பிடித்தது. மேடையை அகற்றிவிட்டு எலியை நீரில் விடுவார்கள். அடையவேண்டியது ஒன்றுமில்லை, ஆதலாற் சித்தியுமில்லை, தவறுதலுமில்லை. எங்கே தேடுகின்றது என்பதை மட்டுமே பார்ப்பார்கள். கற்ற எலி, மேடை முன்னர் இருந்த அந்தக் காற்பங்கு நீரிலேயே மீண்டும் மீண்டும் வட்டமிட்டுக்கொண்டிருக்கும்.