கேட்ட பாட்டும் கொடுத்த பாட்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தாம்பரம் பகுதியில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடி வந்துள்ளது. கவிதை எழுதுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே இவ்வட்டம் பாலமாக நின்றுள்ளது. எழுதுவோரைப் பற்றிப் பேசும் மேடைகள் பல உண்டு. கேட்போரைப் பற்றிப் பேசும் மேடைகள் குறைவு. ஒரு பாட்டைக் கேட்டு, அதில் தோய்ந்து, அதைத் தேடிப் பெற்று, இன்னொருவர் செவிக்குக் கொண்டு சேர்க்கும் இசையன்பரின் பணி இந்த உரையின் பொருளாகிறது. வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் அடுத்துக் கேள்வியை 42ஆம் அதிகாரமாக வைத்தார். கேட்பதும் ஒரு கல்வியே என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும்.

பத்துப் பாட்டிலிருந்து நாலாயிரம்

தமிழில் பாட்டுத் தேடியவர்களுள் தலையாயவர் நாதமுனிகள். ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டில் காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்தவர். அவர் வரலாற்றை வைணவ குருபரம்பரை நூல்கள் இவ்வாறு கூறும். கோயிலுக்கு வந்த அடியார் சிலர் குடந்தைப் பெருமானைப் போற்றும் பதிகம் ஒன்றைப் பாடினர். அதன் இறுதிச் செய்யுள், இப்பத்தும் ஆயிரத்துள் அடங்கியவை என்னும் குறிப்பைத் தந்தது. நாதமுனிகள் அதைக் கவனித்தார். 'ஆயிரமும் அறிவீர்களோ?' என்று வினவினார். அவர்கள் அறிந்தவை அப்பாடல்கள் மட்டுமே. அவர் குடந்தைக்குச் சென்றார். அங்கும் கிடைக்காமல், நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூருக்கே சென்றார். மதுரகவியாழ்வாரின் மரபில் வந்த பராங்குசதாசர் என்பார், மதுரகவிகள் தம் ஆசிரியரைப் பாடிய சிறு பாடல் தொகுதி ஒன்றை அவருக்குக் கற்பித்தார். அதைப் பன்னீராயிரம் முறை ஓதி, ஆழ்வார் அருளால் ஆயிரத்தோடு நாலாயிரமும் பெற்றார் நாதமுனிகள் என்பது மரபு.

பக்திச் செய்தியாக மட்டும் இதைக் கொள்வாரும் உண்டு. இசையன்பர் கண்கொண்டு நோக்கினால் இன்னொரு பொருளும் புலப்படும். அப்பதிகத்தைக் கேட்டவர் கோயிலில் அன்று வேறு பலரும் இருந்திருப்பர். அவர்கள் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பினர். ஒருவர் மட்டுமே 'மீதி எங்கே?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியே தேடலின் வித்து. தேடிப் பெற்றதை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளவும் இல்லை. மருமக்களாகிய மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவருக்கும் இசையோடு கற்பித்தார். திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களில் இன்றும் நிகழும் அரையர் சேவை தன் தொடக்கத்தை அவரிடமே காண்கிறது.

இவ்வூரார்க்கு இதில் தனிப்பட்ட உறவும் உண்டு. பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் மேற்கே நிற்கும் திருநீர்மலை, பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். அப்பாடல்களும் நாலாயிரத்துள் அடங்கியவை. எங்கோ காட்டுமன்னார்கோயிலில் ஒருவர் செவி விழித்திருந்ததனால், இந்த மலையின் பாட்டும் இம்மலை அடிவாரத்து மக்களுக்குக் கிடைத்தது.

சைவத்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. மூவர் பாடிய ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்ததையும், எஞ்சியவற்றை மன்னர் துணையோடு நம்பியாண்டார் நம்பி மீட்டதையும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஏட்டில் சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதனைத் தர, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் வேண்டியிருந்தாள். ஏடு காக்கத் தவறியதைப் பாடும் வாய் காத்திருந்தது. அம்மூவர் வரலாற்றையும் யாழ்ப்பாணர் வரலாற்றையும் பெரியபுராணமாகப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் இப்பகுதியைச் சேர்ந்ததே.

பாட்டோடு வந்த பெயர்

பாட்டைப் பகிர்வதற்கு முறை உண்டா? உண்டு என்று பரிபாடல் சான்று கூறும். எழுபதாக இருந்த பரிபாடலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. உ.வே.சாமிநாதையர் அவற்றை 1918இல் பதிப்பித்தார். பாடல்களின் இறுதியில் உள்ள குறிப்புகள் பாட்டு இயற்றியவர் யார், இசை வகுத்தவர் யார், பண் யாது என்னும் மூன்றையும் தருகின்றன. கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை, பண் பாலையாழ். இவ்வளவு சுருக்கமாகவும் நிறைவாகவும் பாடலுக்கு முகவரி எழுதிய மரபு தமிழ் மரபு. பெட்டனாகனார் வகுத்த இசை இன்று இல்லை. ஆயினும் அப்படி ஒருவர் இசை வகுத்தார் என்பதாவது இன்று தெரிகிறது.

பெயரை இழந்தோர் நிலையைக் குறுந்தொகையில் காணலாம். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார் என வழங்கும் பெயர்கள் பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. இயற்றியவர் பெயர் மறைந்துபோக, தொகுத்தோர் அப்பாடலில் இருந்த ஒரு தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினர். உவமையின் அழகால் அவர்கள் நிலைபெற்றனர் எனப் பாராட்டுவது வழக்கம். அதே வேளையில், ஒரு கவிஞரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள ஒருவரும் இல்லாமற் போன வருத்தமும் அதற்குள் இருக்கிறது. இந்த அவையில் அமர்ந்திருக்கும் கவிஞர்கள் அதனை நன்கு உணர்வர்.

தட்டும் நாடாவும்

இருபதாம் நூற்றாண்டில் பாட்டைக் கொண்டு சேர்க்கும் கருவிகள் பெருகின. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடியது. அவ்வளவுக்குள் பாட்டு அடங்க வேண்டியதாயிற்று. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. விவித பாரதி 1957இல் பிறந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பதற்காகவே அலைவரிசையைத் துழாவிய இல்லங்கள் தமிழகத்தில் பலவாக இருந்தன. திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொன்னது. ஆனால் பாடல்களை முழுமையாக அச்சிட்டுத் தந்தது.

வானொலி அறிவிப்பாளர் பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் எனப் பெயர்களைச் சொல்லியபோது, அறிந்தோ அறியாமலோ பரிபாடலின் மரபையே தொடர்ந்தார். உடுமலை நாராயணகவி, தஞ்சை ராமையாதாஸ், மருதகாசி, கு.மா.பாலசுப்பிரமணியம் ஆகியோரின் பெயர்கள் எழுத்தறியாதோர் நாவிலும் புழங்கியமைக்கு வானொலி பெருங்காரணம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1930இல் பிறந்து 1959இல் மறைந்தார். முப்பதாண்டுகள்கூட நிறையாத அந்த வாழ்க்கை இத்தனை நெஞ்சங்களில் நிற்பதற்கு, பாட்டோடு பெயரும் சேர்ந்து பயணம் செய்ததும் ஒரு காரணமாகும்.

பின்னர் ஒலிநாடா வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைத்தெருக்களில் கேசட் பதிந்து தரும் கடைகள் இருந்தன. இசையன்பர் ஒரு தாளில் பாடல்களின் முதலடிகளை வரிசையாக எழுதிக் கொடுப்பார். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஏழு பாடல்கள் அடங்கும். எட்டாவது பாட்டு பாதியில் அறுந்துவிடும் என்று கணக்கிட வேண்டும். எதை முதலில் வைப்பது, எதற்குப் பின் எது என்று எண்ணி எண்ணி எழுதிய அந்தத் தாள் ஒரு தொகைநூலின் பொருளடக்கத்துக்கு நிகரானது. அந்த நாடா நண்பர் வீட்டுக்கும் திருமண வீட்டுக்கும் சென்றது. கடல் கடந்து வாழும் உறவினரிடமும் சென்றது.

எனினும் அந்தத் தாளில்தான் ஓர் இழப்பும் தொடங்கியது. அதில் முதலடி இருந்தது; படத்தின் பெயர் இருந்தது; சிலவேளை பாடகர் பெயர் இருந்தது. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. வாலி எழுதிய பாடலைக் கண்ணதாசன் பாடல் என்றும், மருதகாசி எழுதியதைப் பட்டுக்கோட்டையார் பாடல் என்றும் மாற்றிச் சொல்லும் வழக்கம் இவ்வாறு பெருகியது. இன்று கைப்பேசியில் பல்லாயிரம் பாடல்கள் ஒரு விரல் தொடுகையில் கிடைக்கின்றன. பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் எளிதில் தென்படுகின்றன. இயற்றியவர் பெயரைத் தனியே தேட வேண்டிய இடங்கள் பல. வளம் பெருகியது, முகவரி தேய்ந்தது.

பாட்டு யாருக்கு உரியது?

பகிர்தலைப் பற்றிப் பேசுகையில் பாரதியின் பாடல்கள் கடந்து வந்த வழியை மறத்தல் இயலாது. பாரதி மறைந்தது 1921இல். பின்னர் அவர் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை விலைக்கு வாங்கப்பட்டு, ஏவி.மெய்யப்ப செட்டியார் வசம் இருந்தது. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் தமிழகமெங்கும் ஒலித்தன. அவற்றைப் பட்டிதொட்டி எங்கும் சேர்த்த பெருமை அப்படத்துக்கு உண்டு. ஆயினும், மக்கள் கவிஞரின் பாட்டைப் பாட ஒருவரிடம் இசைவு பெற வேண்டுமோ என்னும் கேள்வி எழுந்தது. எழுத்தாளரும் கலைஞரும் குரல் கொடுத்தனர். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றது. 1955இல் பாரதி பாடல்கள் மக்களுக்கே பொதுவாயின. ஒருவர் வாங்கிப் பரப்பினார். அரசு வாங்கி அவிழ்த்துவிட்டது. பாட்டு இன்று எல்லார்க்கும் உரியது. எல்லார்க்கும் உரியதாகிவிட்ட பொருளைப் பேணுவார் யார் என்பதே அடுத்த கேள்வி. அதற்கு விடை, கேட்டு மகிழும் ஒவ்வொருவரும் என்பதுதான்.

மின்சார ரயிலும் அடுக்குமாடியும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். மீட்டர் பாதை வண்டிகள் 2004இல் விடைபெற்றன. வண்டி மாறினும் அதில் ஒலிக்கும் ஒரு குரல் மாறவில்லை. பார்வையற்ற பாடகர்கள் கூட்டத்தினூடே நடந்து பழைய திரைப்பாடல்களைப் பாடிச் செல்கின்றனர். பயணிகளுள் பலர் அவர்கள் கையில் காசு இடுவர். சிலரே பாட்டை முழுதாகக் கேட்பர். பழைய பாணர் மரபின் எச்சம் எங்கே என்று ஆய்வோர் நூலகத்தில் தேடுகின்றனர். அது பல்லாவரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே நாள்தோறும் பாடிக்கொண்டு செல்கிறது.

மற்றொரு கருவூலமும் இங்கே உண்டு. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பம்மல் பகுதிகள் பல மாவட்டத்தாரும் வந்து குடியேறிய பகுதிகள். நெல்லை, தஞ்சை, ஆர்க்காட்டுச் சீமை எனப் பல மண்ணின் தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் பாட்டிமார் நெஞ்சில் ஏறி இங்கே வந்து சேர்ந்துள்ளன. அடுக்குமாடி வீட்டில் ஒப்பாரி வைக்க இடமில்லை, நடவுப்பாட்டுக்கு வயலில்லை. கேட்பார் இன்மையால் அப்பாட்டுகள் வாய்க்குள்ளேயே அடங்குகின்றன. ஒரு பாட்டி மறையும்போது ஒரு சுவடிக்கட்டு எரிகிறது.

இதைத் தடுக்க முன்னோர் வழிகாட்டியுள்ளனர். பெர்சி மக்குவீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் 'மலையருவி' என்னும் பெயரில் 1958இல் பதிப்பித்தார். பேராசிரியர் நா.வானமாமலை தாம் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலில், பாடலைச் சேகரித்தவர் பெயரையும் கிடைத்த இடத்தையும் குறித்தார். பரிபாடலின் குறிப்பு பல நூற்றாண்டுகளுக்குப் பின் அங்கே மீண்டும் தளிர்த்தது.

இலக்கிய வட்டம் பதினோராம் ஆண்டில் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்று உண்டு. மாதக் கூட்டம் ஒவ்வொன்றிலும் உறுப்பினர் ஒருவர் ஒரே ஒரு பாட்டைக் கொண்டுவரலாம். பலமுறை கேட்டுத் தோய்ந்த பாட்டாக அது இருக்கட்டும். இயற்றியவர், இசை வகுத்தவர், பாடியவர், தமக்கு அது கிடைத்த வழி ஆகிய நான்கையும் சொல்லி அவர் அதைப் பகிரட்டும். வீட்டில் உள்ள முதியோர் பாட்டாயின் அவர் பெயரும் ஊரும் பதிவாகட்டும். வட்டத்தின் ஏட்டில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். பத்தாண்டில் நூற்றிருபது பாட்டுகள் சேரும். நூற்றிருபது என்பது சிறு தொகை போலத் தோன்றலாம். நாதமுனிகள் தொடங்கியது ஒரு பதிகத்தில்தான்.

தம் பாட்டு நிலைபெற வேண்டும் என்று விரும்பாத கவிஞர் இலர். அவ்வாறு விரும்புவோர், முன்னே பாடிப் போனவரின் பெயரைச் சொல்லிப் பழகட்டும். அந்தப் பழக்கம் ஊரில் நிலைத்தால், நாளை அவர்தம் பெயரும் பாட்டோடு சேர்ந்து செல்லும்.