கண்டென்சர் போனால் காசும் போகணுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



வீட்டு ஏ.சி., ஃபேன், கீசர் ரிப்பேர் பற்றிப் பேசுகிறேன் என்றதும் செயலாளர், "இதெல்லாம் ஒரு தலைப்பாய்யா?" என்றார். தலைப்புதான்! நாம் மோட்டார் தியரி எழுதிப் பாஸ் பண்ணினவர்கள். நம்ம வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றினால் மட்டும் ஆளைத் தேடுகிறோம்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சரை. பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். விலை ஒரு மசால் தோசைக்குச் சமம். எந்த அளவு இருந்ததோ அதே அளவுதான் போட வேண்டும். "பெரிசாப் போட்டா வேகமா ஓடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடாகிக் கருகிவிடும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். ஃபேன் நிற்கும், கரண்ட் நிற்காது. மெயினையே அணையுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மெயினை அணைத்து ஃபேன் ஒயரில் வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா ஒயரையும் நல்ல ஒயர் என்றுதான் சொல்லும்.

இனி ஏ.சி. ஒன்றரை டன் என்கிறோமே, அது மெஷினின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் இருபத்து நாலு மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ அந்தக் கணக்கு. மணிக்கு 12,000 பி.டி.யு., நம் பாஷையில் சுமார் 3.5 கிலோவாட். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்க 1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த டன் ஞாபகம் வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா, பென்ஷனில் தனியாக இருக்கிறவர். மூன்று கோடையாக ஒரே ஆள் வந்து, "கேஸ் குறைஞ்சிருச்சும்மா" என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் போய் முன் மூடியைத் திறந்தேன். ஃபில்டர் வலை மேல் கம்பளி மாதிரி தூசு! குழாய் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினோம். அரை மணியில் அறை குளிர்ந்தது. அந்த அம்மா சந்தோஷப்படவில்லை, "அப்ப மூணு வருஷம் கொடுத்த காசு?" என்றுதான் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். "லீக் எங்கே? அடைச்சாச்சா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே எதிராளியின் குரல் மாறும்.

உள்ளே தண்ணீர் சொட்டுகிறதா? டிரெயின் பைப்பில் பாசி அடைத்திருக்கும். இல்லாவிட்டால் பைப்பின் நுனி வெளியே வாளித் தண்ணீரில் முங்கிக் கிடக்கும். காற்று போக வழியில்லாமல் தண்ணீர் திரும்பி அறைக்குள் வரும். நுனியை வெளியே எடுத்துவிட்டாலே பல வீட்டில் சரியாகிவிடும். வெளி யூனிட்டைச் சுற்றித் துணி காயப்போடுகிறவர்கள் தயவுசெய்து கொடியை மாற்றுங்கள். அது வெப்பத்தைத் துப்புகிற வாய்.

ஆனால் கேஸ் லைனைத் தொடாதீர்கள். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்-290 என்பது சாட்சாத் புரொப்பேன். வெளி யூனிட்டின் கண்டென்சர், கரண்டை நிறுத்திய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அது பழகிய மெக்கானிக்கின் வேலை. அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நாம் மிச்சம் பிடிப்பது அவர் வயிற்றில் இல்லை, ஏமாற்றுகிறவர் பையில்.

கீசர் பற்றி இரண்டு வார்த்தை. போர் தண்ணீர் ஊரில் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு மாதிரி படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்டிலேயே தங்கி அது வெடித்து, கரண்ட் தண்ணீரில் இறங்கும். 2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கில் சொருகாதீர்கள். எர்த் இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். சேஃப்டி வால்வு சொட்டுகிறதே என்று அதை அடைக்கிற புத்திசாலிகள் உண்டு. அப்புறம் அது கீசர் இல்லை, குண்டு.

வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்று ராத்திரியே பாருங்கள். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மற்ற ரிப்பேர் எல்லாம் அப்புறம், முதலில் அதை மாற்றுங்கள். இல்லவே இல்லை என்றால் நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு, ஃபில்டரை எப்படிக் கழற்றுவது என்று அப்பளத்தை வைத்தே காட்டுகிறேன்.