கிழத்தனம் தலைவிதியா?

(கிளியனூரில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வயோதிகர்களின் தேக பலம் என்பதாகும். அறுபதுக்கு மேல் தேகாப்பியாசமா என்று சிலர் சிரிக்கிறீர்கள். திண்ணையை விட்டு எழுந்திருக்கப் பேரன் கையைத் தேடும்போதும் அந்தச் சிரிப்பு வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

கிழவனுக்கு முழங்கால் தள்ளாடினால் விதி என்கிறோம். கிழவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் கிரகம் என்கிறோம். அந்த விதி தலையில் எழுதப்படவில்லை. தொடைச் சதையில் இருக்கிறது. வயது ஏறினால் சதை கரைவது உண்மைதான். ஆனால் வயது மாத்திரம் காரணமல்ல. வேலை கொடுக்காமல் மூலையில் உட்கார வைப்பதும் காரணமாகும்.

நாம் சொல்லுவதாலேயே நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வயோதிகர் விடுதியொன்றில், சுமார் 90 வயதான 10 பேரை 8 வாரம் காலால் பாரந்தூக்கச் செய்து பார்த்தார்கள். 1990ம் வருஷம் அதன் முடிவு வெளியாயிற்று. பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைச் சதையும் வளர்ந்திருந்தது. நிறுத்திய 4 வாரத்தில் அந்தப் பலத்தில் ஒரு பகுதி குறைந்தும் போயிற்று. ஆகவே இதில் அற்புதம் ஒன்றுமில்லை. செய்தால் உண்டு, விட்டால் இல்லை.

"மரக்காணத்து உப்பளத்தில் காலமெல்லாம் சுமந்தவர்களுக்குப் பயிற்சி எதற்கு?" என்று கேட்கலாம். உப்பளத்தில் சுமையைக் கூலி நிர்ணயிக்கிறது. பயிற்சியில் உங்கள் உடம்பு நிர்ணயிக்கிறது. அங்கே ஓய்வு கிடைப்பதில்லை. இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு உண்டு. சதை தேறுவது அந்த ஓய்வில்தான்.

இதற்குக் கர்லாக்கட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம். அசையாத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 8 அல்லது 10 தரம் எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் முதலில் கை ஊன்றலாம். சற்று இளைப்பாறி மறுபடி செய்யுங்கள். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுங்கள். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துங்கள். கைக்கொரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் தூக்கி இறக்குங்கள். கடைசி இரண்டு தரம் கஷ்டமாயிருக்க வேண்டும். சுலபமானால் பாரத்தைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காமல் வாய்விட்டு எண்ணுங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரத்தில் 2 நாளாவது இத்தகைய பயிற்சி செய்ய வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனமே 2020ல் சொல்லியிருக்கிறது. இருதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். மார்வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மீன் துண்டையெல்லாம் மகனுக்கும் பேரனுக்கும் வைத்துவிட்டு வெறுங்குழம்பைப் பிசைந்து உண்ணும் பாட்டிக்குச் சதை எங்கிருந்து வளரும்? மீனோ, முட்டையோ, பருப்போ அவள் இலையிலும் விழ வேண்டும்.

கடைசியாக, இன்று எத்தனை தரம் எழுந்திருக்க முடிகிறதென்று வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். 8 வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் விதி பொய் என்று தெரிந்துகொள்ளுங்கள். கூடாவிட்டால் இதே மேடைக்கு வந்து நம்மைக் கேளுங்கள்.