பெயரும் பொருளும்



மும்பையின் தாராவிப் பகுதியில் விடியுமுன் இட்டலி அவித்துப் பாத்திரங்களில் சுமந்து சென்று, நகரெங்கும் விற்றுப் பிழைக்கும் தமிழர் பலர் உளர். அவர்களுள் ஒருவருக்காக, செம்பூரில் கல்வி பயிலும் அவர் மகள் பைத்தான் மொழியில் கடன் கணக்கு நிரல் ஒன்றை எழுதித் தருகிறாள் எனக் கொள்வோம். முதலில் ஒரு வாடிக்கையாளர் பெயரில் இருபது இட்டலி பதிவாகிறது. அடுத்து, மாட்டுங்காவில் பத்து இட்டலி வாங்கியவருக்கோ முப்பது என்று கணக்கு வருகிறது! வாங்காத பண்டத்திற்குப் பணம் கேட்டால் வாடிக்கை முறியும். கணக்கையே நம்பாது விட்டால் கைம்முதல் கரையும். கூட்டலில் பிழை இல்லை. பின் எங்கே பிழை?

பைத்தான், நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட மொழி. இதில் எண், சொல், பட்டியல் ஆகிய யாவும் பொருள்களே. பெயர் என்பது பொருளை இட்டுவைக்கும் பெட்டி அன்று. பொருளின்மேல் கட்டிய சீட்டு. ஒரே பொருளுக்கு இரு சீட்டுகளும் கட்டலாம். செயற்கூறு ஒன்றிற்கு நாம் ஒரு மதிப்பை அனுப்பும்போது அதன் நகல் போவதில்லை. அதே பொருளுக்கு உள்ளே மற்றொரு பெயர் சூட்டப்படுகிறது. 1970களில் பார்பரா லிஸ்கோவ் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அமைத்த குளூ மொழியும் இம்முறையையே கைக்கொண்டது.

பொருள்களோ இருவகைப்படும். தாராவியின் கும்பார்வாடாவில் குயவர் வனைவதைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சக்கரத்தின் மேலுள்ள ஈரமண் தொட்டவர் கைக்கு இணங்கி உருமாறும். சூளையில் சுட்ட பானை மாறாது. வேறு வடிவம் வேண்டின் வேறு பானைதான் வனைய வேண்டும். லிஸ்ட், டிக்‌ஷனரி, செட் ஆகியவை ஈரமண் போன்றவை. எண், ஸ்டிரிங், டூப்பிள் ஆகியவை சுட்ட பானை போன்றவை.

விலை 10 என்று அனுப்பி, செயற்கூற்றினுள் 2 கூட்டினால், 12 என்னும் வேறோர் எண்ணுக்கு உட்பெயர் சீட்டு மாறுகிறது. வெளியே 10 அவ்வாறே இருக்கும். ஆனால் லிஸ்ட் ஒன்றை அனுப்பி, உள்ளே அப்பெண்டு என்னும் ஆணையால் ஓர் உருப்படியைச் சேர்த்தால், வெளியிலுள்ள லிஸ்டும் நீளும். இரண்டும் ஒன்றே அன்றோ! அதே லிஸ்டை அனுப்பி, உள்ளே சமக்குறியிட்டு அப்பெயருக்குப் புதியதொரு லிஸ்டைத் தந்தால், வெளியே ஒன்றும் மாறாது. ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா இது: பொருளைத் திருத்தினோமா, சீட்டை மட்டும் மாற்றிக் கட்டினோமா?

இனி அம்மகளின் நிரலுக்கு வருவோம். பட்டியல் தரப்படாவிடில் வெற்று லிஸ்டை எடுத்துக்கொள்க என்று அவள் செயற்கூற்றின் தலைப்பிலேயே எழுதியிருந்தாள். அந்த வெற்று லிஸ்ட், செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உண்டாகிறது. அழைக்கும்தோறும் புதிதாக உண்டாவதில்லை. எனவே முதல்வரின் இருபது அதிலேயே தங்கிவிட்டது. தலைப்பில் நன் என்னும் வெறுமைக் குறியை வைத்து, அது வந்தால் செயற்கூற்றினுள் புதிய லிஸ்டை உண்டாக்குவதே இதற்குப் பரிகாரம்.

பிறர் தந்த லிஸ்டைத் திருத்தாமல் வேலை செய்ய வேண்டின், முதலில் நகல் எடுத்துக்கொள்ளலாம். லிஸ்டினுள் லிஸ்ட் இருப்பின் மேலோட்டமான நகல் போதாது; உள்ளிருப்பவை இரண்டிற்கும் பொதுவாகவே நிற்கும். அப்போது ஆழ்நகல் வேண்டும்.

பைத்தானே இதில் ஒரு நல்ல வழக்கத்தைக் காட்டுகிறது. லிஸ்டின் சார்ட் என்னும் ஆணை அதே லிஸ்டை வரிசைப்படுத்திவிட்டு, நன் என்பதையே விடையாகத் தரும். சார்ட்டெட் என்பதோ பழையதைத் தொடாமல் புதிய லிஸ்டைத் தரும். நம் செயற்கூறுகளும் இவ்வாறே, தந்த பொருளைத் திருத்துமா, புதியது தருமா என்பதைப் பெயரிலேயே அறிவிக்குமாறு எழுதுவோமாக.