வரகனேரியார் வாழ்வும் எழுத்தும்

(நம் சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நாம் ஊரை விட்டு வந்தவர்கள். ஆயினும் ஊரை இழந்தவர்கள் அல்லர். பிழைப்பு நம்மை இங்கே அழைத்து வந்தது. விடுப்புக் கிடைத்து, கையில் டிக்கெட்டும் இருந்தால், மூன்றாம் நாள் நம் வீட்டுத் திண்ணையில் அமரலாம். நம்மைத் தடுப்பார் ஒருவரும் இலர். சொந்த ஊர் ஒரு பகல் பயணத் தொலைவில் இருந்தும், பத்தாண்டுக் காலம் அங்கே அடியெடுத்து வைக்க இயலாமல் வாழ்ந்த தமிழ் எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அவரே வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர்; தமிழுலகம் வ. வே. சு. ஐயர் என்று அறிந்த அறிஞர்.

ஐயர் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில் பிறந்தார். திருச்சியிலும் பின்னர் இரங்கூனிலும் வழக்கறிஞர் தொழில் பார்த்தார். 1907இல் பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்றார். பொருளீட்டச் சென்றவரை நாட்டுப் பற்று ஆட்கொண்டது. ‘இந்தியா ஹவுஸ்’ விடுதியில் சாவர்க்கர் முதலிய புரட்சியாளரோடு சேர்ந்தார். 1910இல் சாவர்க்கர் பிடிபட்டு, விசாரணைக்காக நாம் வாழும் இந்தப் பம்பாய்க்கே கொண்டுவரப்பட்டார். ஐயரைப் பிடிக்கவும் ஆணை பிறந்தது. அவர் மாறுவேடம் பூண்டு தப்பினார். பெட்டியின்மேல் இருந்த வி. வி. எஸ். என்னும் எழுத்துகளுக்கு ‘வீர விக்கிரம சிங்’ என்று பெயர் கூறி, வேவுகாரனை ஏமாற்றினார் என்றொரு கதை இன்றும் வழங்குகிறது. அவ்வாண்டின் இறுதியில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அடைந்தார்.

அங்கே 1908 முதல் பாரதியார் இருந்தார். அரவிந்தரும் 1910இல் வந்து சேர்ந்திருந்தார். புதுவையிலிருந்து விழுப்புரம் வரை ரயில் பாதை 40 கிலோமீட்டருக்கும் குறைவு. இரயில்வேயில் காலம் கழிக்கும் நமக்கு அது ஒரு தூரமா? விரார் சென்று திரும்புவோர் நாள்தோறும் அதனினும் மிகுதியாகப் பயணம் செய்கின்றனர். ஆனால் அந்த எல்லையைத் தாண்டினால் ஐயருக்குச் சிறை. தெருவில் நடந்தாலும் ஒற்றர் பின்தொடர்ந்தனர். 1914இல் உலகப் போர் மூண்டபோது, புதுவையில் இருந்த தேச பக்தர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவர் என்ற அச்சமும் எழுந்தது.

அந்நிலையில் வேறொருவர் என்ன செய்திருப்பார்? பெட்டியைக் கட்டியிருப்பார், அல்லது மனமுடைந்து கிடந்திருப்பார். ஐயரோ திருக்குறளை எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க அமர்ந்தார். 1330 குறளும் ஆங்கில உருப் பெற்று, 1916இல் நூலாக வெளிவந்தது. நாளை நாம் எங்கே இருப்போமோ என்று அறியாதவர், திருவள்ளுவர் உலகெங்கும் சென்று சேர வழி தேடினார்.

கம்பர் பெயரால் ‘கம்ப நிலையம்’ என்ற பதிப்பகத்தையும் அவர் நிறுவினார். 1915இல் அவர் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. தாகூரின் வங்கக் கதை ஒன்றில் படித்துறை பேசும். அதனைத் தழுவியே ஐயர் அரசமரத்தைப் பேச வைத்தார் என்று ஆய்வாளர் காட்டுவர். இருக்கட்டும். வங்கி முறிந்து தந்தை செல்வம் இழந்தமையால், புகுந்த வீட்டார் கைவிட்ட ருக்மிணியின் துயரம் நம் தமிழ்நாட்டுத் துயரமே அன்றோ? ஐரோப்பிய மொழிகள் பல கற்றவர், தாம் காண இயலாத ஊர்க் குளத்தங்கரையையே தம் கதைக்குக் களமாகத் தேர்ந்தார் என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

போர் முடிந்தபின் 1920இல் அவருக்கு விடுதலை வாய்த்தது. சென்னை சென்று ‘தேசபக்தன்’ ஆசிரியர் ஆனார். 1921இல் இராச நிந்தனை வழக்கில் தண்டனை பெற்றுப் பெல்லாரிச் சிறை புகுந்தார். அங்கும் எழுதுகோல் ஓயவில்லை. கம்பராமாயணத்தை உலகப் பெருங்காப்பியங்களோடு ஒப்பிட்டு, ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

பெரியோர் வாழ்வைப் பேசுமிடத்துக் குறையை மறைத்தல் முறையன்று. அவர் 1922இல் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவர் தனியே உணவருந்த இடமளிக்கப்பட்டது. பெரியார் ஈ. வெ. ரா., வரதராசுலு நாயுடு முதலியோர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் எதிர்ப்பு நியாயமானது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி வேற்றுமை கூடாது என்ற பாடத்தைத் தமிழகம் அப்போது கற்றது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் மாதத்தில் பாபநாசம் கலியாண தீர்த்தத்தில், நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கக் குதித்து, தாமும் உயிர் நீத்தார். வயது 44.

இனி, இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். பெல்லாரிச் சிறையில் எழுதிய அந்தக் கம்பராமாயண நூல் என்ன ஆயிற்று? பார்சல் ஆபீசில் உரியவர் வந்து கேட்காத மூட்டை போல அது காத்துக் கிடந்தது. ஐயர் மறைந்து 25 ஆண்டுகள் கழித்து, 1950இல் அதனை நூலாக வெளியிட்டது யார்? திருச்சி அன்று, சென்னை அன்று. பிழைப்புத் தேடித் தலைநகர் சென்ற தமிழர்கள் கூடி அமைத்த டில்லித் தமிழ்ச் சங்கம்! நம்மைப் போல் அலுவலகம் சென்று திரும்பியோர் நடத்திய சங்கம் அது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் நடந்ததையும் கேளுங்கள். பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்றொரு சிறு நாடு. நம் பம்பாயின் மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே இன்று இருக்கும். 1944இல் சோவியத் படை வந்தபோது, மாரி உண்டர் என்ற பெரும் பெண் கவிஞர் உட்படப் பல எழுத்தாளர்கள் கடல் கடந்து ஸ்வீடன் சென்றனர். அங்கே 1950இல் லுண்ட் நகரில் எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்துத் தம் மொழி நூல்களை வெளியிட்டனர். உண்டர் அம்மையார் ஊர் திரும்பாமலே 1980இல் 97ஆம் வயதில் மறைந்தார். எஸ்தோனியா 1991இல் மீண்டும் விடுதலை பெற்றது. அயல் மண்ணில் அச்சிட்ட நூல்கள் அந்நாட்டு இலக்கியத்தின் பிரிக்க முடியாத பகுதியாக இன்று நிற்கின்றன.

இவ்விரண்டு வரலாறும் நமக்கு உரைப்பது ஒன்றே. எழுதுபவர் ஒருவர் போதாது. அதனை ஏந்திக் காப்பவர் வேண்டும். அந்தக் காவலர் ஊரில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

நம் வீடுகளின் நிலை என்ன? பிள்ளைகள் தாயிடம் தமிழில் பேசுகின்றனர். தமிழ்ச் செய்தித்தாளை நீட்டினால் படம் மட்டும் பார்க்கின்றனர். அடுத்த தலைமுறையில் பேச்சும் நின்றால், ஐயர் நூலை மட்டுமன்று, பாட்டியின் கடிதத்தையும் பிறர் படித்துச் சொல்லவேண்டி வரும். இது பிள்ளைகள் குற்றமன்று. கற்பிக்க நாம் நேரம் ஒதுக்கவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு ஒரு தமிழ் நூலேனும் ஆண்டுதோறும் வாங்குங்கள். தாராவித் தோல் பதனிடும் கூடங்களிலும், ஆலைகளிலும், இரயில்வேயிலும் உழைத்த நம் முதியோர் எழுதி வைத்த குறிப்பேடுகள் பரணில் கிடக்குமாயின், பழைய தாள் கடைக்குப் போடாமல் சங்கத்திடம் தாருங்கள். டில்லிச் சங்கம் ஒரு சிறைவாசியின் நூலைக் காத்தது. பம்பாய்த் தமிழரின் வரலாற்றை நாம் காப்போம்.

 வாழ்க தமிழ்!